அண்ணனுக்குப் போட்ட முறை

எங்கள் ஊரில் குடியை ஒழித்த கதையை இப்போது யார் யாரோ மேடையில் சொல்கிறார்கள். கதர்ச்சட்டைக்காரர்கள் சாராயக்கடை வாசலில் மறியல் செய்தார்களாம், ஊர் கூடிக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ததாம், கடைக்காரன் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனானாம். எல்லாம் உண்மைதான். ஆனால் கடை மூடிய மறுநாள் விடிந்ததே, அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டுக் கதை அன்றைக்குத்தான் தொடங்கியது. மேடைக்காரர்களுக்கு அது தெரியாது என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற சாலையில், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான். பிறந்த வீட்டில் ஒரே அண்ணன். வாய்க்கால் தலைமடையில் அடைப்புப் பலகையைத் தூக்கித் தண்ணீர் விடுவதும், பிறகு வயல் வயலாகப் பங்கு வைப்பதும் அவர் வேலை. எங்கள் பக்கத்தில் தண்ணீரை முறை போட்டுப் பாய்ச்சுவார்கள். இன்ன வீட்டுக்கு இன்ன நேரம் என்று கணக்கு. பகலில் நிழலை அளப்பார்கள், இரவில் நட்சத்திரம் பார்ப்பார்கள். முறை வந்த வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தாலும் வாய்க்கால் கரையில் ஆள் நின்றாக வேண்டும். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்திருக்கும்போதும் கரையை விட்டு அசையாத மகராசன்கள் எங்கள் ஊரில் உண்டு.

அண்ணனுக்கு ஒரே மகள். ஒரு வருஷம், தூர் வாருவதற்காக வாய்க்காலை அடைத்துப் போட்டிருந்தார்கள். துறைக்குக் கீழே தேங்கிய குட்டையில் அவள் மீன் பிடிக்க இறங்கியிருக்கிறாள். வேலை முடிந்தது, வயல் காய்கிறது, தண்ணீரை விடு என்று ஊர் சொல்லியனுப்பியது. அண்ணன் பலகையைத் தூக்கினார். கீழ் மதகடியில் அவளைக் கண்டெடுத்தபோது பாவாடை முந்தியில் மீன் இருந்தது.

ஊர் அண்ணனைக் குறை சொல்லவில்லை. மாறாக, ரொம்பவும் அன்பாக இருந்தது. அந்த அன்புதான் வினையாகப் போனது என்பேன். அடக்கம் பண்ணிவிட்டு வரும் ஆம்பளைகள் சாராயம் குடிப்பது அப்போது வழக்கம். எப்போதும் தொடாத அண்ணனுக்கும் அன்று ஊற்றிக் கொடுத்தார்கள், மனவலி தெரியாமல் தூங்கட்டும் என்று. அவர் காதுபட அந்தப் பிள்ளை பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் வீடு வீடாகச் சொல்லியும் வைத்தார்கள். எங்கள் ஊர் எந்தக் கட்டுப்பாட்டையும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. ஓடி விளையாடிய பிள்ளை, பிறக்கவே இல்லை என்பது மாதிரி ஆகிவிட்டாள். என் மதினி மட்டும் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். அண்ணன் கடைக்குப் போவார்.

இரண்டு வெள்ளாமை அப்படியே போனது. தண்ணீர்ப் பங்கு தப்ப ஆரம்பித்தது, பலகை வேலையை ஊர் வேறொருவரிடம் கொடுத்தது. அதே சமயத்தில்தான் சத்தியமும் வந்தது. குடித்தவன் வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது, வண்ணானும் நாவிதனும் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. அண்ணனும் கற்பூரத்தை அணைத்தார். நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். மாரியம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று மாவிளக்குகூட வைத்தேன்.

கடை மூடிய மறுநாள் அண்ணனுக்குக் கை நடுங்கியது. அதற்கும் மறுநாள் செம்பைப் பிடிக்க முடியவில்லை. வேர்த்து ஊற்றியது, சோறு இறங்கவில்லை, சுவரில் பூரான் ஊர்கிறது என்று துணியால் அடித்தார். பிறகு முற்றத்தில் தண்ணீர் ஏறுகிறது, பிள்ளையைத் தூக்கு, தூக்கு என்று கத்தத் தொடங்கினார். மதினி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எங்கேயோ திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டுச் சத்தியத்தை மீறிவிட்டான் என்றது ஊரில் பாதி. சத்தியம் பண்ணின சாமியே அடித்துவிட்டது என்றது மறுபாதி. குடித்தே பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் வண்டி பூட்டிக்கொண்டு போய் உத்தமபாளையம் ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டு வந்தபிறகுதான் தெரிந்தது. கசப்பு மருந்து ஒரு சீசா கொடுத்திருந்தார். கட்டிப்போடாதே, தனியாக விடாதே, வெளிச்சத்தில் வை, கஞ்சி கொடு, யாராவது பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இரு என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

அதற்குள் ஊர் வேறு முடிவு எடுத்துவிட்டது. மலையடிவாரத்தில் ஒரு கோயில் மண்டபம் உண்டு. புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய்த் தூணில் சங்கிலி போட்டு விட்டுவிட்டு வருவார்கள். மண்டலம் முடிந்து குணமாகித் திரும்பியவர்கள் உண்டு என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. திரும்பாதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனை அங்கே ஏற்றுவதற்கு வண்டி பேசியாகிவிட்டது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே போனால் உயிரோடு வர மாட்டார் என்றாள். எனக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாவடியில் ஊர் கூடியிருந்தது. பெண்கள் அங்கே ஏறுவதில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் படியேறினேன். என் வாயைப் பற்றி ஊருக்குத் தெரியும் என்பதால், என்னைப் பார்த்ததுமே பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஊர்ப் பெரியதனக்காரர் மட்டும், "ஏ ஆத்தா, பொம்பளைக்கு இங்கன என்ன சோலி?" என்று கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு மொத டம்ளரை ஊத்திக் குடுத்தது யாரு?" என்றேன். "சாவுத் துட்டிக்கு வந்த நீங்கதான? அவுகளா கடைக்குப் போனாக?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே பேசினேன்.

"ஒரு குழி நெல்லு காயக் கூடாதுன்னு முறை போட்டு வாய்க்காக் கரையில காவல் கெடக்குறீக. இத்தனை வருசம் உங்களுக்குத் தண்ணி பங்கு வச்ச மனுசன் அங்கன கெடக்குறாக. அவுகளுக்கும் ஒரு முறை போடுங்க. வீட்டுக்கு ஒரு ஆளு, அவுக பக்கத்துல வந்து உக்காருங்க. அப்புறமும் தெளியலைன்னா நானே வண்டியில ஏத்துறேன்."

சாமி குத்தத்தில் கை வைப்பதா என்று யாரோ முனகினார்கள். அப்போது தெருக்கோடி ராவுத்தர் எழுந்தார். நெல் வியாபாரம் செய்பவர். அண்ணனின் வாய்க்காலிலேயே அவருக்கும் வயல் உண்டு, அதனால் முறைக்காரர்களில் ஒருவர். அதிகம் பேச மாட்டார். அவர் தம்பி மலைத் தோட்டத்து வேலைக்குப் போய் அபினுக்கு அடிமையாகித் திரும்பி வந்ததும், வெளியே தெரிந்தால் கேவலம் என்று பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருந்ததும், அங்கேயே அந்தத் தம்பி போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு அரசல்புரசலாகத் தெரியும்.

"மொத முறை எனக்கு," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே எங்கள் அண்ணன் வீட்டுக்கு நடந்தார்.

அவர் போன பிறகு மற்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தண்ணீர் முறை எந்த வரிசையில் வருமோ அதே வரிசையில் ஆள் வந்தார்கள். எல்லாரும் உதவிக்குத்தான் வந்தார்கள், ஆனால் எல்லாராலும் உதவி இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தன் மாட்டுக்கு வந்த கோமாரியைப் பற்றியே முறை முடியும் வரை பேசினார். ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விட, அண்ணன் தன் போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். கதர்ச்சட்டைத் தம்பி ஒருவன் வந்து மதுவின் தீமைகளை விளக்கத் தொடங்கினான். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அந்தத் தம்பியின் கையில் பனைவிசிறியைக் கொடுத்து, பேசாமல் வீசச் சொன்னேன். அவன் நல்ல பிள்ளை, கை வலிக்க வலிக்க வீசினான்.

மருந்தும் கஞ்சியும் போகப் போகப் பூரான்கள் மறைந்தன. கை நடுக்கம் குறைந்தது. ஆனால் அண்ணன் பேசவில்லை. கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும்.

ராவுத்தரின் முறை மறுபடியும் வந்தது. நல்ல மத்தியானம். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன், மதினி கதவோரம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ராவுத்தர் பக்கத்து வீட்டு விஷயம் கேட்பது போலக் கேட்டார்:

"மச்சான், புள்ள இருந்தா இப்ப என்ன வயசு இருக்கும்?"

மதினியின் முறம் நின்றுவிட்டது. ஊரே கட்டிக்காத்த கட்டுப்பாட்டை இந்த மனிதர் ஒரே பேச்சில் உடைத்துவிட்டாரே என்று கஞ்சியைக் கீழே வைத்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"வார ஆடிக்குப் பத்து முடியும்," என்றார். பிறகு, "நான்தான பலகையத் தூக்குனேன்," என்றார்.

நீ என்ன செய்வாய், விதி, அவள் ஆயுசு அவ்வளவுதான் என்று நாங்களாக இருந்தால் சொல்லியிருப்போம். ராவுத்தர் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா, நீங்கதான் தூக்குனீக. தூக்கச் சொன்னது நாங்க. கெழக்க என் வயல் காஞ்சு கெடந்துச்சு. இன்னும் தண்ணி வரலையேன்னு ஆள் அனுப்பினதே நான்தான், மச்சான். அந்தப் பயிரை அறுத்துத் தின்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொல்லலை."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். ராவுத்தர் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை. மதினி உளுந்தை அப்படியே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் வாய்விட்டு அழுதாள். ராவுத்தர் எழுந்து போகவில்லை. அவர் முறை இன்னும் முடியவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆகவில்லை. பங்குனியில் ஒருநாள் அண்ணன் கூடலூர் தாண்டி மலையேறிப் போய், திருவிதாங்கூர் எல்லையில் ஒரு கடையில் குடித்துவிட்டு வந்தார். தெண்டம் போட வேண்டும் என்று சாவடியில் கூச்சல். நான் மறுபடி படியேறத் தயாராகச் சேலையை இழுத்துச் செருகினேன். அதற்கு அவசியமே இல்லாமல், பெரியதனக்காரரே, "மறுபடி முறையைப் போடுங்கப்பா, மொதல்ல எந்த வீடு?" என்றாராம். அதன்பிறகு அண்ணன் தொட்டதில்லை. கீழத்தெருவில் இன்னொருவர் குடியை விட்டுத் தவித்தபோது, யாரும் சொல்லாமலே அங்கேயும் வரிசையாக ஆள் போனார்கள். அங்கே போய் உட்கார்ந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

ஆனி பிறந்தது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தலைமடையில் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, பெரியதனக்காரர் அண்ணனைக் கூப்பிட்டு, "பலகைல கை வையப்பா," என்றார். வேலையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. மதினி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் பலகையைத் தொடவில்லை. "வேற யாராச்சும் தூக்குங்க," என்றார். "நான் முன்னால நடக்குறேன். நான் கடைமடை போய்ச் சேந்து, அங்கன புகை போட்ட பெறகு தூக்குங்க."

அவர் வாய்க்கால் கரையோடு நடந்தார். நாங்கள் கொஞ்சம் பேர் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, தண்ணி வருது, புள்ளைகளைக் கூப்பிட்டுக்கிடுங்க என்று சத்தம் கொடுத்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூட்டையோடு ஏறினார்கள். நண்டு பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏறின. துறைக்குக் கீழே அந்தக் குட்டைக்கு வந்தோம். அங்கே யாரும் இல்லை. அண்ணன் கரையில் நின்று குனிந்து பார்த்தார். சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டுக்குள் மகளிடம் பேசுவது போல, "ஆத்தா, மேல ஏறி வா," என்றார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், அவள் ஏறுவதற்கு ஆகிற நேரம். பிறகு அடுத்த வளைவுக்கு நடந்தார்.