சேராது என்று நான் சொன்ன ஆம்ப்ளிஃபயர்

என் மனைவியிடம் பொய் சொன்னேன். ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய பொய். சிரித்துவிடாதீர்கள்... முழுவதும் கேளுங்கள்.

என்னோடு நடந்தது ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது திருமணம். 2006-இல் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு, என் வீட்டுக்கு வந்தபோது, இறந்துபோன கணவரின் பொருட்களில் இரண்டைத்தான் கொண்டுவந்தாள். இடுப்புயரப் பழைய ஸ்பீக்கர் ஜோடி; பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயர்.

"வச்சுக்கலாங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"இதுக்கென்ன கேள்வி!" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பழைய ஆடியோ சாதனங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். எந்த ஸ்பீக்கருக்கு எது சேரும் என்று நண்பர்கள் என்னைத்தான் கேட்பார்கள். அவள் கொண்டுவந்த ஸ்பீக்கர்கள் கொஞ்சம் பவர் கொடுத்தாலே வாய்விட்டுப் பாடும் ரகம். அந்தச் சின்ன வால்வு செட்டைவிடப் பொருத்தமான ஒன்று அவற்றுக்குக் கிடைக்காது! முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதுதான் பொறுக்கவில்லை. மாலையில் பாட்டுப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவக்கும். அவள் முகம் எங்கோ போய்விடும். அவர் தேர்ந்தெடுத்த ஜோடி அல்லவா அது... செத்தவரோடு போட்டி போடுகிறவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

ஒரு நாள் சொல்லிவிட்டேன். "இது அந்த ஸ்பீக்கருக்குச் சேரல ஸ்டெல்லா. பவர் பத்தல. இப்படியே ஓட்டுனா ஸ்பீக்கர் போயிடும்."

நம்பினாள்.

வெளிநாட்டிலிருந்து பரங்கிப்பேட்டைக்குத் திரும்பியிருந்த நண்பனிடம் பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. "ஜாஸ்தி பவர் மச்சான், வீடே அதிரும்" என்றான். வாங்கி வந்தேன். வால்வு செட்டைத் திட்டக்குடியில் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மாட்டிப் பார்த்தோம். பாட்டுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல்! அந்த ஸ்பீக்கர்களுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும்.

"நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு பொருளு, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நானே நெனச்சேன். பாவம், நீங்க வாயத் தொறக்கல. ஸ்பீக்கருக்கு ஆவாதுன்னு நீங்க சொன்னதாலதான் மனசு ஆறுச்சு. இல்லன்னா என்னால குடுத்திருக்க முடியாது."

ஐயோ... உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் செய்தேன். அதை மட்டுந்தான் செய்தேன்!

ஐந்து ஆண்டுகள் கழித்துத் திட்டக்குடிக்கே போய் அந்த வால்வு செட்டைத் திரும்பக் கேட்டேன். "அதையா? பிரிச்சு வேற செட்டுக்குப் போட்டுட்டேனே சார்" என்றார் அவர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டே வந்தேன். இன்று சொல்லிவிடுவது... இன்று எப்படியும் சொல்லிவிடுவது...

வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா தட்டில் தோசையை வைத்தாள்.

"இரைச்சல் ஜாஸ்தியாயிடுச்சுல்ல? வேற எது சேரும்னு நீங்களே பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

பார்க்கிறேன் என்றேன்.