கவருக்குள் ஒரு மக்காச்சோள இலை

போன வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில், ஒரு மக்காச்சோள இலைக்கு முன்னால் வியர்த்து வழிந்து நின்றேன். சிரிக்காதீர்கள்.

நான் கணக்கு வாத்தியார். விக்கிரமங்கலம் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கோடிங்கும் ஏ.ஐ.யும்கூட நான்தான். தகுதி? ஒருமுறை ஹெச்.எம். ரூம் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவினேன். மறுவாரம் பயிற்சிக்கு என் பெயர் போய்விட்டது. முதல் நாள் அறிமுகம், இரண்டாம் நாள் குரூப் போட்டோ. முடிந்தது பயிற்சி.

எங்கள் பள்ளியின் ஆறு கம்ப்யூட்டர்களும் ஒரு அறக்கட்டளை கொடுத்த இரவல். பிள்ளைகள் செய்ததைப் பார்க்க அன்றைக்கு அந்த அறக்கட்டளை மேடம் வந்தார். திருப்தியென்றால் கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் பெரம்பலூர் டவுன் பள்ளிக்கு வண்டி ஏறிவிடும்.

நல்ல இலை, புழு தின்ற இலை — இரண்டையும் நிறைய போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கியிருந்தார்கள் பிள்ளைகள். கேமரா முன்னால் இலையை நீட்டினால் ‘நலம்’ அல்லது ‘நோய்’ என்று திரையில் வரும்.

டவுன் பள்ளியிலும் இதே பிராஜெக்ட்தானாம். படமெல்லாம் நெட்டில் எடுத்தவை... குளித்துப் பவுடர் போட்ட இலைகள். வயல் புழுதியோடு ஒரு இலையைக் காட்டியதும் அங்கே கம்ப்யூட்டர் திணறிவிட்டதாம், மேடமே சொன்னார். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டேன். உள்ளே பட்டாசு.

மேடம் வழியில் பறித்த இலையை, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரோடு அப்படியே நீட்டினார். பச்சைப் பசேல் இலை. ஓர் ஓட்டை இல்லை.

‘நோய்’ என்றது கம்ப்யூட்டர்.

“இதுல என்ன நோய் சார்?”

“ஆரம்ப நிலைங்க மேடம்... நம்ம கண்ணுக்குத் தெரியாது.”

கணக்கில்கூட எனக்கு இவ்வளவு வேகமாக விடை வந்ததில்லை.

பாதிப் படங்களை எடுத்த சங்கீதா எழுந்தாள். “சார், சும்மா இருங்க. இலை நல்லாத்தான் இருக்கு. அது கவரப் பாத்துட்டுச் சொல்லுது.”

“கவரா?” என்றார் மேடம்.

“புழு விழுந்தா, இலையக் கவர்ல போட்டுத்தானங்க பூச்சி மருந்துக் கடைக்குத் தூக்கிட்டுப் போவோம், கடைக்காரர்ட்ட காட்ட? நான் கடை வாசல்லயே நின்னு போட்டோ எடுத்துட்டேன். நல்ல இலைய யாரு கவர்ல போடுவா? அது வயல்லயே கெடக்கு. கவர்னா நோய்னு நெனச்சுகிச்சு.”

மேடம் இலையை வெளியே எடுத்து நீட்டினார். ‘நலம்’.

“இப்ப என்ன செய்வ?”

“நல்ல இலையையும் கவர்ல போட்டு எடுக்கணும். புழு இலைய வயல்லயே வச்சு எடுக்கணும். ஒரு வாரம் ஆகுங்க.”

“எடு. கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும். உங்க சார் மட்டும் நோய் கண்டுபுடிக்காம பாத்துக்க.”

கம்ப்யூட்டரை நான் குறை சொல்லமாட்டேன். ஷூ போட்ட டவுன் பிள்ளைக்குத்தான் கோடிங் வரும் என்று நானும்தானே இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்?

மேடம் கிளம்பியதும், காலிக் கவரோடு நின்ற என் பக்கம் சங்கீதா கேமராவைத் திருப்பினாள். ‘நோய்’.

கவரைக் கீழே வைத்தேன். அப்போதும் ‘நோய்’தான்.