இரண்டு அரை டொக்டர்

மருத்துவம் படிக்க என் புள்ளிகள் போதவில்லை. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடி முழுவதும் அது மரணச் செய்தி போலப் பரவியது. அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை புள்ளி என்பதையும் சொல்லிவிட்டே போனார்கள்.

நான் ஒஸ்தியோபதி படிக்கப் போனேன். கையால் தொட்டும் அழுத்தியும் முதுகு, கழுத்து, மூட்டு வலிகளைக் குறைக்கும் படிப்பு அது. நோர்வேயில் அதைப் படித்தவர் டொக்டர் அல்ல. மருந்து எழுத முடியாது. இதை அப்பாவிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அமெரிக்காவிலிருந்த தன் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"பிள்ளை, அங்கை உது படிச்சால் முழு டொக்டராம். ஒப்பரேசனும் செய்யலாமாம். கெட்டிக்காரர் அதோட ஆராய்ச்சியும் சேர்த்துப் படிச்சு, ரெண்டு பட்டம் எடுக்கினமாம்."

"அப்பா, நாங்கள் இருக்கிறது ஒஸ்லோவில."

"சட்டம் எல்லாம் மாறும்."

சட்டம் மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடித்த நேரத்திலேயே நான் டொக்டராகிவிட்டேன்.

படிப்பு முடிந்து ட்வெய்ட்டாவில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதமே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த ஒரு மாமா வந்தார். மாமா என்றால் அப்பாவின் கூட்டாளி. முதுகைக் காட்டாமல் கதிரையில் வசதியாகச் சாய்ந்தார்.

"ரெண்டு கிழமைக்கு ஒரு சீக்மெல்டிங் எழுதித் தாரும் பிள்ளை. வேலையில மனுசர் சரியில்லை."

"சுகயீன லீவுக்கு எனக்கு எழுதித் தர ஏலாது மாமா. நான் டொக்டர் இல்லை."

"கொப்பர் டொக்டர் எண்டெல்லோ சொன்னவர்?"

"அமெரிக்காவில."

மாமா ஆழமாக யோசித்தார். "அப்ப இஞ்சை நீர் ஆர்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஆராய்ச்சிக்குப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் என்னைத் தள்ளியது வேறு ஒருத்தி. பஸ் ஓட்டும் ஒரு நோர்வேஜியப் பெண் என்னிடம் வந்தாள். இடுப்புக்குச் சற்று மேலே வலப்பக்கத்தில் ஒரு எலும்பு இறுகியிருப்பதாக அவளுக்கு விளக்கினேன். அவள் சிரித்தாள். பக்கத்து அறையில் இருந்த என் சக ஊழியர், போன கிழமைதான் அதே முதுகில் இடப்பக்கம் வேறொரு எலும்பைக் காட்டியிருந்தாராம். "இரண்டு பேரிடமும் வந்தபின் வலி குறைந்தது. ஆனால் எந்த எலும்பு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது: நான் பிழை.

பிறகு முதுகலையை முடித்து, பல்கலைக்கழகத்தில் முதுகுவலி ஆராயும் ஒரு பிரிவில் முனைவர் பட்டத்துக்கு இடம் பிடித்தேன். வீட்டில் மறுபடியும் வெளிச்சம். "ரெண்டு அரை டொக்டர் சேர்ந்தால் ஒரு முழு டொக்டர்தானே அப்பா?" என்றான் தம்பி. அப்பா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. கணக்குச் சரி என்றார். அடுத்த ஞாயிறு பூசையில் அதே கணக்கு பலருக்கும் விளங்கப்படுத்தப்பட்டது.

என் பேராசிரியர் முதுகுவலியில் பெயர் பெற்ற வைத்தியர். மெலிந்த மனிதர். குளிர்காலம் முழுவதும் பனிச்சறுக்கிலேயே வேலைக்கு வந்தது போன்ற முகம். மற்றவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவள் மறுகரையிலிருந்து வந்தவள்" என்பார். எல்லோரும் அன்பாகச் சிரிப்பார்கள், குணமாகிவரும் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பது போல.

என் சோதனை எளிமையானது. தொண்டர்கள் சிலர் குப்புறப் படுப்பார்கள். திரை மூடியிருக்கும், முதுகு மட்டும் வெளியே தெரியும். ஒஸ்தியோபதிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்து, கோளாறு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாத மையால் குறிக்க வேண்டும். ஊதா விளக்கைப் பிடித்தால் குறிகள் ஒளிரும்; அதைப் படம் எடுத்துக்கொள்வேன்.

முதல் முதுகில் விளக்கைப் பிடித்தபோது, குறிகள் இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

நான் படித்த கல்லூரியின் தலைவரிடம் போய் முதலில் சொன்னேன். அது மரியாதை என்று நினைத்தேன். அவர் என் கைகளைத் தன் கைகளில் எடுத்துக்கொண்டார். "சந்தேகப்படும் கை எதையும் உணராது" என்றார்.

"சந்தேகம் என்னுடையது. குறித்தவர்கள் நீங்கள் அனுப்பிய ஆசிரியர்கள்."

கைகளை விட்டுவிட்டார். அந்த வருடத்து ஒன்றுகூடலுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

பேராசிரியருக்கோ பெருநாள். "பிரமாதம்! இதைத்தான் நான் இத்தனை காலமும் சொல்கிறேன்" என்றார். அந்த மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. "வைத்தியர்களையும் இதே மாதிரிப் பார்ப்போமா? ஒப்பிட ஆட்கள் வேண்டும்" என்றேன். அவர் உடனே சம்மதித்தார். தானே முதலாவதாக வருவதாகவும் சொன்னார். ஓர் அளவுகோல் தேவைப்படும் அல்லவா?

எல்லோரையும் போல அவரும் இரண்டு தடவை வந்தார். எந்த முதுகு எவருடையது என்று அவருக்குத் தெரியாது. ஒரே முதுகில், முதல் தடவை ஒரு முள்ளெலும்பைக் குறித்தார். அடுத்த தடவை, அதே தன்னம்பிக்கையோடு, நல்ல தூரம் தள்ளி இன்னொன்றைக் குறித்தார். மற்ற வைத்தியர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. பேராசிரியர் தன்னோடேயே ஒத்துப்போகவில்லை.

அந்த முதுகின் இரண்டு படங்களையும் அவர் மேசையில் அருகருகே வைத்தேன். ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது யார்?"

"நீங்கள்."

"இது?"

"அதுவும் நீங்கள்."

யன்னலால் வெளியே பார்த்தார். "சுவாரசியம்" என்றார். நோர்வேயில் ஒருவர் அந்தத் தொனியில் சுவாரசியம் என்றால் உங்கள் கதை முடிந்தது. "வைத்தியர்களின் பகுதியை இதில் சேர்க்க வேண்டாம். அது வேறொரு கட்டுரைக்கு உரியது. பிறகு பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா காரணம் கேட்டார். ஊதா விளக்கு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கவலை வேறு. "உந்த ஆளோட கொழுவினால் பட்டம் தருவினமோ?"

"தராமலும் விடலாம்."

அத்தனை ஞாயிறுகள் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். கடைசியில், "ரெண்டு பகுதியும் பிழை எண்டால் ரெண்டையும்தானே எழுத வேணும்" என்றார். சொல்லிவிட்டு என்னைவிட அதிகமாகப் பயந்தார்.

அடுத்த நாள் பேராசிரியரிடம், அப்படியானால் ஒஸ்தியோபதிக்காரர்களின் பகுதியையும் பிறகே பார்ப்போம் என்றேன். அவருக்கு அந்தப் பகுதி மிகவும் வேண்டியிருந்தது. சில கிழமைகள் என்னோடு வானிலை மட்டும் பேசினார். பிறகு இரண்டு பகுதிகளுக்கும் கையெழுத்து வைத்தார்.

பட்டம் கிடைத்தது. என் ஆய்வை விவாதித்த நாளில் அப்பா புதுக் கோட்டோடு முன்வரிசையில் இருந்து, விளங்கிய இடத்திலும் விளங்காத இடத்திலும் தலையாட்டினார்.

அதற்குப் பிந்திய சங்கதிகள்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு மருத்துவ மாநாட்டில் பேராசிரியர் பேசினார். அந்த இரண்டு படங்களையும் பெரிய திரையில் போட்டு, "அன்பர்களே, நான் என்னோடேயே உடன்படவில்லை!" என்றார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எவ்வளவு பணிவான மனிதர் என்று பக்கத்திலிருந்த பெண் என்னிடம் சொன்னாள். கடைசிப் படத்தில், உதவியவர்கள் வரிசையில், என் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

அதே மாதம் கல்லூரியின் புதிய விளம்பரப் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் நான், வெள்ளை மேலங்கியோடு. கீழே: எங்கள் மாணவி, இன்று முனைவர். என்ன கண்டுபிடித்தேன் என்பதற்கு அட்டையில் இடம் போதவில்லைப்போலும். அப்பா அதில் பத்துப் பிரதிகள் கேட்டு வாங்கிவரச் சொன்னார். நான் போய் வாங்கிவந்தேன்.