ஒரே பதில் சொன்ன பெண்கள்

என் மகள் திண்டுக்கல்லில் எம்.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படித்தபோது, ஆராய்ச்சிக்கு எங்களையே எடுத்துக்கொண்டாள். எங்களை என்றால், ஆத்தூர்ப் பக்கம் மல்லிகைக் காட்டில் மொட்டுப் பறிக்கிற பெண்களை. மருந்தடித்த செடியில் கை வைத்து வைத்து விரல் இடுக்கில் புண் வருகிறது, அதற்கு என்ன செய்கிறோம் என்று கேட்டு எழுத வேண்டும். ஆராய்ச்சி தேறாவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம். எதைத் தொட்டாலும் ஏதாவது வினை வந்துவிடும் என்று பயப்படுகிற ஆள் நான்.

பூ எடை போட்டு முடிந்ததும் எல்லாரும் வரப்பில் டீக்கு உட்காருவோம். மகள் அங்கேயே வைத்துக் கேட்டாள். முதலில் எங்கள் கொத்துக்காரி பேசினாள். நாளைக்கு யாருக்கு வேலை என்று சொல்கிறவள் அவள்தான், அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"எரியும். தேங்கா எண்ணெ தடவுவோம். ஆசுபத்திரிக்கெல்லாம் போறதில்ல."

அடுத்தவள், "எனக்கும் அதேதான், எழுதிக்க தாயி" என்றாள். அதற்கடுத்தவளும் அதே. கை சீழ் பிடித்து ஊசி போட்டுக்கொண்டு வந்தவள்கூட, கொத்துக்காரி முகத்தைப் பார்த்துவிட்டு "அதே" என்றாள். மகள் கேட்டதைக் கேட்டபடி எழுதினாள்.

கொஞ்ச நாளில் கல்லூரிக்கு என்னையும் வரச் சொன்னார்கள். ஆராய்ச்சியைத் திருத்துகிற கைடு மேடம் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எல்லாப் பொம்பளைக்கும் ஒரே பதில். ஏஐகிட்ட கேட்டு அடிச்சுட்டு வந்திருக்கா உங்க பொண்ணு."

"நானும் கூட இருந்தேன் மேடம். அப்படித்தான் சொன்னாக."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாப்பு."

"அப்பப் பேசாம இருங்க."

கூடப் படிக்கிற இன்னொரு பெண்ணின் ஆராய்ச்சியை மகள் முன்னால் விரித்துப் போட்டார். "இதப் பாரு. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி பேசுறா. இதுதான் நெசமாப் போயிக் கேட்டது. ஒரு வாரம் டைம். இல்லேன்னா ஃபெயில்தான்."

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணே சிரித்தாள். "ஏன்டி, பூக்காட்டுல போயி உக்காந்தியாக்கும்? நான் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டத் தாண்டல. புரோட்டா வாரதுக்குள்ள போனுல ஏஐயே எழுதிக் குடுத்துருச்சு."

மகள் மறுபடி காட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப் பார்த்தாள். கொத்துக்காரி நேரே என்னிடம் வந்தாள்.

"தனியாக் கூப்புட்டு என்னத்தடி குசுகுசுங்குறா உம் மவ? என்னயப் பத்தியா?"

"இல்ல மதினி, படிப்புக்கு..."

"அம்புட்டுப் படிப்பு படிச்சவுக வீட்டு ஆளு எதுக்குப் பூப் பறிக்கணும்? நீயும் நாளையிலருந்து வராத."

மற்றவர்கள் நிமிராமல் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மகள் போனை எடுத்தாள். கேட்ட மாத்திரத்தில் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி களிம்பு போடுகிறாள். ஒருத்திக்குக் கையுறை வாங்க ஆசை. ஒருத்தி, பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்ட முடியவில்லை என்று அழுகிறாள். எனக்குப் படித்துக் காட்டினாள்.

"இவ யாரு?"

"யாருமில்ல."

"மாட்டிக்கிட்டா?"

"நெசத்த எழுதித்தானம்மா மாட்டுனேன்."

"இப்பத்தான் உயிரோட்டமா இருக்கு" என்றாராம் மேடம். கடைசித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், அழுத பெண்ணைப் பற்றித்தான் கேட்டாராம், இப்போது எப்படி இருக்கிறாள் என்று. "தேவலையா இருக்காங்க சார்" என்றாளாம் மகள். தேறிவிட்டாள்.

தேர்வு முடியும்வரை வெளியே காத்திருந்து, அவளோடு பஸ்ஸில் திரும்பும்போதும் எனக்குப் பயம் விடவில்லை. "அந்தப் பொம்பளையப் பாக்கணும், கூட்டிட்டுப் போன்னு மேடம் கேட்டா என்னடி செய்வ?"

மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"செத்துப்போச்சுன்னு சொல்லிர்றேன்."