மூணாவது ஓலைக்கு முன்னால்

எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயது. என் பெயரில் முதல் ஓலை வாசித்த மறுநாள் அப்பா எனக்கு மோட்டார் சைக்கிள் கடையில் வேலை பேசிவிட்டு வந்தார். என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். மாப்பிள்ளை தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகிற ஆலந்தலைக்காரர், கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்தேன், நல்ல சிரிப்பு. அவருடைய அம்மா நகையோடு ஒரு மோட்டார் சைக்கிளும் கேட்டிருந்தார். வருஷத்தில் பத்து மாதம் கடலில் கிடக்கிற மனுஷனுக்கு, தெருவெல்லாம் மணலாகக் கிடக்கிற ஊரில், மோட்டார் சைக்கிள் எதற்கு? இதைக் கேட்டதற்கு அம்மா, "ஏளா, வாய மூடு" என்றாள்.

அந்தக் காலத்தில் வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். எங்கள் நம்பர் வருவதற்குள் எனக்கு இரண்டு பிள்ளை பிறந்து அதுகள் பள்ளிக்கூடம் போய்விடும். அப்பா கடைக்குப் போய் முதலாளியிடம் கெஞ்சியிருக்கிறார். "இங்கன வேலை பாக்கவங்களுக்குன்னு ஒரு வண்டி முன்னால எடுக்கலாம் அண்ணாச்சி. உங்க வீட்ல டைப் படிச்சவங்க யாரும் உண்டா?" என்று கேட்டாராம் முதலாளி. நான் டைப்பில் லோயர் பாஸாகிவிட்டு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கு ஒரே நிபந்தனை. வருகிற பெண் இரண்டு வருஷமாவது இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் கல்யாணம் என்று சொல்லிப் போய்விட்டார்களாம். "மூணு வருஷம்கூட இருப்பா" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அதே வாயால் ஆலந்தலைக்குச் சொல்லி அனுப்பினார்: "வண்டிக்காகத்தான் போறா, அது வந்ததும் நின்னுருவா."

எங்கள் கடற்கரையில் ஓலை வாசித்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. இனி எந்தப் பக்கமும் கழன்றுகொள்ளாது, பிறகு எப்படியாவது சமாளிக்கலாம் என்று அப்பா நினைத்துவிட்டார். ஆயிரம் மூட்டையில் ஒன்று தப்பாமல் எண்ணுகிற மனுஷர் இதில் தப்பினார்.

இரண்டு வாரம் வந்து பார்க்கட்டும், பிடித்தால் கையெழுத்துப் போடட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். போனேன். லாரியில் வைக்கோல் சுற்றி வண்டிகள் வந்து இறங்கும். அதைத் துடைத்து வரிசையாக நிறுத்துவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் வண்டியை எடுக்க எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். எங்கள் ஆட்களோ நேரே கோயிலுக்கு உருட்டிப் போய்ச் சாமியாரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள். உப்பள முதலாளி, வாத்தியார், டாக்டர் எல்லாரும் என் மேஜைக்கு வந்து, "நம்ம நம்பர் எப்பம்மா வரும்?" என்று கேட்பார்கள். பார்த்துச் சொல்லுகிறேன், உட்காருங்கள் என்பேன். உட்காருவார்கள்! வீட்டில் நான் சொல்லி எங்கள் கோழிகூட உட்கார்ந்தது கிடையாது.

எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. பெரிய காரணமெல்லாம் கிடையாது. காலையில் எழும்போது போக வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். மூணாவது ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை, கையெழுத்து. போட்டுவிட்டு வண்டி வந்ததும் நின்றால் முதலாளியை ஏமாற்றியதாகும். நிற்காவிட்டால் ஆலந்தலையை ஏமாற்றியதாகும். அப்பாவிடம் சொன்னேன். "உனக்குப் பின்னால ஒருத்தி இருக்கா, நெனப்புல இருக்கட்டும்" என்றார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

சாமியாரிடம் போனேன். "தடைன்னா என்னென்ன சாமி?" ரத்த உறவு, முந்தின கல்யாணம், துறவற வார்த்தைப்பாடு, கட்டாயம் என்று அடுக்கினார். "ஒன்னைய யாரும் கட்டாயப்படுத்துதாங்களா?" இல்லை என்றேன்; நிஜமாகவே இல்லை. "வேலை தடையில சேருமா?" அவர் சிரித்துவிட்டார். "வேலையெல்லாம் தடையில்ல மகளே." அங்கேயும் வழி இல்லை.

வியாழக்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். முத்தையாபுரம் தாண்டும்வரை இறங்கிவிடலாமா என்றுதான் இருந்தது. ஓலை வாசித்த பெண் தாலி ஏறாமல் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தேன். மாமி முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மாதாவே! யாரும் செத்துட்டாங்களா?" என்றார்.

உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இரண்டு பக்கமும் சொன்னதை, நான் வேலையை விடப் போவதில்லை என்பதை. "வண்டி வரும் மாமி. ஆனா நான் தூத்துக்குடியிலதான் இருப்பேன்."

கத்துவார் என்று நினைத்திருந்தேன். பதிலுக்குக் கத்த நாலு வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன். மாமி கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி எனக்கு எதுக்குளா? வண்டி இருந்தா கரையில ஒரு மாசம் கூடத் தங்குவானேன்னு கேட்டேன். பொண்டாட்டி வந்தா வீட்ல ஒரு ஆளு இருக்கும்னு நெனச்சேன். அவனும் கடல்ல, நீயும் டவுன்ல இருந்தா நான் யாருக்குச் சோறு பொங்க?"

தயாராக வைத்திருந்த நாலு வார்த்தைக்கும் வேலையில்லாமல் போனது. இருந்தும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஏற்றிவிட மாமியே வந்தார்.

ஞாயிறு பூசையில் அப்பா ஆண்கள் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சாமியார் இரண்டு ஓலை வாசித்தார். இரண்டும் வேறு ஆட்களுடையது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். சனிக்கிழமையே ஆலந்தலையிலிருந்து ஆள் வந்து நிறுத்தச் சொல்லியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நானே போய்க் கேட்டு வாங்கியதுதான், ஆனாலும் வந்தது. அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டேன். அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் சொல்லித்தான் கேட்பார். அஞ்சு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "ஒங்க வண்டி வந்துருக்கும்மா. எடுக்கீங்களா, அடுத்த ஆளுக்கு விட்டுரவா?" என்றார். ராத்திரி சாப்பாட்டில், வண்டியை வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயைத் திறக்குமுன் அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எடுளா. நான் ஓட்டப் படிச்சுக்கிடுதேன். தெனமும் கடைக்குப் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போகணும்னு ஒனக்கென்ன தலையெழுத்தா?"