ஈரிதழ் வால்வு

நானும் என் ஓரகத்தியும் ஒரே அடுப்படியில் பல வருஷம் சமைத்தோம். இருவருமே பத்தாம் வகுப்பில் அறிவியலில் மட்டும் தோற்றவர்கள் என்பது இருவருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் "பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கா" என்றார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். 'வரைக்கும்' என்ற சொல்லுக்குள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டு வாழ்ந்திருக்கிறோம்.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரின் அண்ணன் மனைவி. ஊர் பால்வாடியில் உதவியாளர் வேலை. காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவாள், சாதமும் பருப்பும் ஆக்குவாள், முட்டை அவிப்பாள், எல்லோரும் போன பிறகு குண்டானைத் தேய்த்துக் கவிழ்ப்பாள். பாட்டுச் சொல்லிக் கொடுப்பவரைப் பிள்ளைகள் டீச்சர் என்றன. அவளை ஆயா என்றன. "முப்பத்தஞ்சு வயசுகூட ஆவல மே, அதுக்குள்ள ஆயாவாயிட்டேன்" என்று சிரிப்பாள். சிரிப்பு முடிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

அந்த டீச்சர் ஓய்வு பெறப்போகிற சமயத்தில்தான் பேச்சு வந்தது. உதவியாளராக இருப்பவர் பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்கா அதை மெதுவாக எடுத்தாள். என் கணவரின் அண்ணன், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "பத்தாவதுதான் படிச்சிட்டியே. அப்புறம் இன்னா?"

"சயின்ஸ்ல போயிடுச்சி."

என் வாயிலிருந்து தானாக வந்தது. "எனுக்கும் அதான்க்கா போச்சி."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர், அவர் படித்தது எட்டாவதுதான். அவர்தான் முதலில் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க." மாமியார் மட்டும் மோர்ச்சட்டியை நகர்த்தியபடி முணுமுணுத்தார்: "ஒரு குடம் தண்ணி தூக்க மூச்சு வாங்குது. இது பரிட்சை எழுதப்போவுதாம்."

அக்காவுக்கு மூச்சு வாங்குவது ஊரறிந்த சங்கதி. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்ததாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்வாள். பிரசவத்தின்போது டாக்டர் "ஹார்ட்ல வால்வு பிரச்சனை, இதோட நிறுத்திக்கோங்க" என்றிருக்கிறார். ஒரே பெண் குழந்தை. வால்வு என்றால் என்னவென்று டாக்டரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் 'மூச்சுத் தொல்லை'. மாமியார் வாயில் வேறு பெயர்: சோம்பேறித்தனம்.

தனித்தேர்வர்களாகப் பதிந்தோம். எங்கள் காலத்தில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. இப்போது உண்டு என்பதால் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். பாடப்புத்தகமும் மாறியிருந்தது. பக்கத்துத் தெருப் பெண்ணிடம் பழைய புத்தகம் வாங்கினோம். பிரித்துப் பார்த்ததும் அக்கா சொன்னாள்: "இன்னா மே இது, கலர் கலரா கீது. நம்ம காலத்துல இப்டி இருந்தா நான் பாஸாயிருப்பேன்."

பால்வாடி முடிந்து அவள் வருவதற்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே உட்கார்வோம். நான் கீரை ஆய்ந்தபடி கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். மறுநாள் மாற்றிக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினாக்களில் எனக்குத் திறமை. படித்தால் மனசில் நிற்கும். அவள் அப்படி இல்லை. புரியாவிட்டால் நகரமாட்டாள். மின்தடை என்றால் கம்பி நீளமானால் ஏன் கூட வேண்டும், குண்டானால் ஏன் குறைய வேண்டும் என்று உட்கார்ந்துவிடுவாள். "மனப்பாடம் பண்ணிட்டுப் போக்கா" என்பேன். "எதுக்குன்னு தெரியாம எப்டி மே மண்டையில நிக்கும்?" கடைசியில் அவளே கண்டுபிடித்துச் சொல்வாள்: சந்து நீளமா இருந்தா கூட்டம் தள்ளிகினு போறதுக்குள்ள பேஜாராயிடும், தெரு அகலமா இருந்தா சரசரன்னு போயிடும்.

வேதியியல் இருவருக்குமே எமன். காற்று திரும்பினால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து மூக்கைக் கிள்ளும் ஒரு வாசனை வரும். அக்கா மூக்கைச் சுருக்கி, "அமிலமா காரமா, சொல்லு" என்பாள். இருவருக்கும் தெரியாது. சிரிப்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இருவரும் அப்படிச் சிரித்ததில்லை. அதற்கு முன்பு எங்களுக்குள் இருந்ததெல்லாம் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் தட்டில் மீன் துண்டு பெரிது என்கிற கணக்குத்தான்.

ஒருநாள் சுற்றோட்டப் பாடம். நான் வாசித்தேன்: இதயத்துக்கு நான்கு அறைகள். இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே ஈரிதழ் வால்வு. அதற்கு மிட்ரல் வால்வு என்றும் பெயர்.

"நில்லு" என்றாள் அக்கா. "இன்னா பேரு சொன்ன?"

மறுபடி வாசித்தேன். அவள் உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து வந்தாள். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்ததை எழுத்துக்கூட்டினோம். எம், ஐ, டி. அதே பெயர்தான். அவள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படத்தின் மேல் விரலை ஓட்டினாள். நுரையீரலிலிருந்து ரத்தம் வருகிறது, மேலறையில் விழுகிறது, வால்வு திறக்கிறது, கீழறைக்குப் போகிறது. விரல் வால்வில் நின்றுவிட்டது.

"இது சரியா தொறக்கலன்னா?"

"ரத்தம் கீழ எறங்காதுக்கா."

"அப்ப மேல தேங்கும். மேல தேங்குனா அதுக்கு முன்னாடி?" விரல் பின்னோக்கிப் போய் நுரையீரலில் நின்றது. "அதான் மூச்சு வாங்குது."

விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நெஜமாவே எனுக்கு ஒடம்புதான் சரியில்ல மே. நான் சோம்பேறி இல்ல."

அன்று சாயங்காலம் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அவரிடம் போனாள். நான் கதவருகே நின்றேன்.

"அத்த, மேல் கழனிக்கும் கீழ் கழனிக்கும் நடுவுல மடை அடைச்சிகினா இன்னா ஆவும்?"

"மேல தண்ணி நிக்கும். பயிரு அழுவிடும். ஏன்?"

"என் நெஞ்சுக்குள்ள அப்டித்தான் ஒரு மடை அடைச்சிகினு கீது அத்த. ரத்தம் மேலயே நிக்குது. அதான் என்னால தூக்க முடியல."

மாமியார் அவளையே பார்த்தார். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அக்கா குடம் தூக்கியதை நான் பார்க்கவில்லை. மாமியாரே போய் அடிபம்பில் அடித்துத் தூக்கி வந்தார்.

அதற்கப்புறம்தான் அக்கா சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் அவளும் ரயிலேறிப் போனோம். பெரிய வரிசை. டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கியதும் அக்கா கேட்டாள்: "மிட்ரல் வால்வா சார்? சுருங்கியிருக்குதா, இல்ல ஒழுவுதா?"

அவர் தலை நிமிர்ந்தார். "யாரும்மா சொன்னாங்க?"

"பத்தாவது புஸ்தகம் சார்."

அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தாளில் படம் போட்டு நிதானமாகச் சொன்னார். நன்றாகவே சுருங்கியிருக்கிறது. மாத்திரையில் எத்தனை காலம் ஓடும் என்று சொல்ல முடியாது. மாற்று வால்வு வைப்பதுதான் நல்லது. ஆனால் எந்தப் பெரிய ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. எல்லாப் பரிசோதனையும் முடிந்து தேதி கொடுத்தார்கள். பரீட்சைக்குப் பிறகுதான் அந்தத் தேதி வந்தது. ரயிலில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என்னிடம், "அவரு சொன்னது அத்தினியும் புரிஞ்சிது மே" என்றாள். ஆபரேஷன் பயத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் அவள் முகத்தில் பெரிதாக இருந்தது.

செய்முறை வகுப்புக்குப் போனபோது சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவில் நாங்கள் இருவரும் புடவையில். "ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க" என்று ஒருத்தி வோல்ட்மீட்டரை எடுத்தாள். சோதனைக் குழாயிலிருந்த திரவத்தில் ஒரு சொட்டு விட்டதும் ரோஸ் நிறமாக மாறியது. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். செய்முறைத் தேர்வன்று பாகம் குறிக்க அவளுக்கு வந்தது மூளையின் மாதிரி உருவம். பக்கத்து மேசையில் இதயத்தின் மாதிரி உருவம் இருந்தது. "அத குடுத்திருந்தா டாக்டருக்கே பாடம் எடுத்திருப்பேன்" என்று வெளியே வந்து குறைப்பட்டாள். எழுத்துத் தேர்வு அன்று அவள்தான் அறையில் கடைசியாக எழுந்தவள். பஸ்ஸில் வரும்போது நெடுவினாவை எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவு வந்தபோது அவள் ஆபரேஷனுக்காக வார்டில் சேர்ந்திருந்தாள். செல்போனில் பார்த்து நான்தான் சொன்னேன். இருவரும் பாஸ். அவள் எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், எதிர்க் கட்டில் பெண்ணிடம், மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடம், எல்லோரிடமும் சொன்னாள். "ரெண்டு பேரும் பாஸ். எனுக்குத்தான் மார்க் ஜாஸ்தி." நர்ஸ் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். அதை மகளுக்கென்று தலையணைக்கடியில் வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள், கை அசைத்தாள். சில நாள் கழித்து ரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். பேச்சு நின்றது. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நான் அந்த வராந்தாவில் உட்கார்ந்து மூளையின் பாகங்களை மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை, அதுதான் வந்தது.

காரியம் முடிந்த அன்று, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் கணவர் என்னிடம் வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"அந்தப் பாடத்த படிக்காம இருந்தா அவ ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டா. மூச்சு வாங்கிகினு, இங்கயே இருந்திருப்பா."

மாமியார்தான் எழுந்து வந்தார். "டேய், அவ வலி இன்னான்னு நம்ம யாருக்கும் தெரியல. அவளுக்காவது தெரிஞ்சிது. வுடு." அவ்வளவுதான் சொன்னார். அக்காவின் கணவர் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதம் என்னிடம் நேராகப் பேசவில்லை. என்ன வேண்டுமென்றாலும் மகளை விட்டுக் கேட்பார்.

அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். செய்யாமல் விட்டிருந்தாலும் அதிக காலம் தாங்கியிருக்காது என்றார். அதுவும் பொய்யில்லை. இரண்டும் உண்மையாக இருந்தால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

பால்வாடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நல்ல மாதிரி. அக்காவின் மகளுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

மதிப்பெண் சான்றிதழ் வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொன்னார்கள். என்னுடையதை வாங்கப் போனவள் அவளுடையதையும் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த அம்மா வீட்டிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்லி, பிறகு கொடுத்தார். அவள் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

"சயின்ஸ்ல எவ்ளோ?"

காட்டினேன்.

"உனுக்கு?"

சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான படிச்சீங்க?"

"ஆமா மாமா. நான் மனப்பாடம் பண்ணுவேன். அக்கா அப்டியில்ல, கேட்டுகினே இருக்கும். புரியாம ஒண்ணையும் வுடாது."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி ஆறிப்போயிற்று.

"வுட்டிருக்கலாம்" என்றார்.

நான் சாம்பார் எடுத்து வர உள்ளே போனேன்.