நாலு ஸ்நோ டயரும் ஒரு அடையாளமும்

டெக்சாஸுக்குப் போவதா வேண்டாமா என்பதை நாங்கள் நான்கு டயர்களிடம் ஒப்படைத்தோம். படித்தவர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்டவர்கள் உண்டு. செய்தோம், என்ன செய்ய? எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது இது.

நான் நர்ஸ். அமெரிக்காவுக்கு முதலில் வந்தவள் நான்தான். என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்தவர். ஊரில் அவர் மில் எஞ்சினீயர். அவர் உள்ளே நுழைந்தால் ஷெட்டில் பேச்சு நின்றுவிடும் என்று என் மாமியார் பெருமை பேசுவார். இங்கே அவருடைய டிகிரியை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கார் உதிரிபாகம் விற்கிற கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றார். எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் அவரை "சிஸ்டரோட ஹஸ்பண்ட்" என்றுதான் அறிமுகம் செய்வார்கள். அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் டெக்சாஸில், ஹூஸ்டன் நகரத்தில் ஒரு கம்பெனி அவரை எஞ்சினீயராகவே கூப்பிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நானோ நர்ஸ் லைசென்ஸுக்கான போர்டு எக்ஸாமில் ஒரு முறை தவறி, மறுபடி எழுதி, நைட் டியூட்டியில் சார்ஜ் நர்ஸாகி அப்போதுதான் மூச்சு விட்டிருந்தேன். டெக்சாஸ் போனால் மறுபடி லைசென்ஸ், மறுபடி வரிசையில் கடைசி ஆள்.

"போவோமா?" என்றார்.

"உங்க இஷ்டம்."

"உனக்கு இஷ்டம்னா போவோம்."

"உங்களுக்கு இஷ்டம்னா வாரேன்."

சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு ரசத்தோடு வந்து மோரோடு போய்க்கொண்டிருந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், அதையும் நேராகச் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முடிவெடுக்கத் திணறினால் ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்பார்கள். இன்னது நடந்தால் உம்முடைய சித்தம், நடக்காவிட்டால் இல்லை என்று. என் சித்தப்பா ஒருவர், பஸ் நேரத்துக்கு வந்தால் இந்தப் பெண்தான் என்று ஜெபம் செய்துவிட்டு நின்றார். அன்றைக்கு பஸ்ஸே வரவில்லை. வேறு ஊரில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

எங்களுக்கு அகப்பட்டது பேஸ்மென்டில் இருந்த, பனியில் வழுக்காத ஸ்நோ டயர்கள். சும்மா டயர் இல்லை, அலாய் சக்கரத்தில் மாட்டியே இருந்தவை. கடைக்கு வந்த ஒருவரிடம் என் வீட்டுக்காரர் பழையதாக வாங்கியிருந்தார். நவம்பர் வந்தால் காரில் இருக்கும் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இவற்றைப் பூட்டுவார். வசந்தத்தில் கழற்றி, பழைய டூத்பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி அடுக்கி வைப்பார். சாதாரண இரும்புச் சக்கரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு முறை கேட்டுத் தொலைத்துவிட்டேன். ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்துவந்து, "பாரு, ஒட்டாது. அலுமினியம்" என்று நாலு சக்கரத்திலும் வைத்துக் காட்டினார்.

டெக்சாஸில் பனி இல்லை. ஆகவே பேப்பரில் விளம்பரம் கொடுப்போம் என்றார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வித்துட்டா போறோம். விக்காட்டி இங்கதான். ஓகேயா?"

ஓகே என்றேன். கட்டிலோரம் இருவரும் முழங்காலில் நின்றோம். அவர் வாய்விட்டு ஜெபம் செய்தார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் மனதுக்குள் செய்தோம்.

சனிக்கிழமை மத்தியானம்தான் ஒருவர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், எங்கள் காரைப் போலவே நீளமான பழைய கார். டிரைவ்வேயில் அடுக்கியிருந்த சக்கரங்களுக்கு முன்னால் குனிந்து, பையிலிருந்து பென்னி என்கிற ஒரு சென்ட் காசை எடுத்து டயரின் வெட்டுக்குள் செருகினார். அச்சாரம் வைக்கிறார் என்றே எண்ணிவிட்டேன். போச்சு, ஹூஸ்டன்தான் என்று நினைத்தேன். அவர் பென்னியை உருவி அடுத்த டயரில் செருகினார். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிற வழி அது என்று என் வீட்டுக்காரர் காதோடு சொன்னார்.

பார்த்து முடித்து நிமிர்ந்து, தனக்கு இரண்டு போதும் என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டு மட்டும் குடுக்கலாமா?" என்று தமிழில் கேட்டார்.

"என்னைக் கேட்டா? ஜெபத்துல நாலுன்னு சொன்னியளா?"

"டயருன்னுதான் சொன்னேன்."

அந்த மனிதர் குழம்பிப்போனார். விலையில் ஏதோ தகராறு என்று நினைத்தாரோ என்னவோ, தன் பக்க நியாயத்தை விளக்கத் தொடங்கினார். இந்த மாதிரிக் கார்களைப் பின் சக்கரங்கள்தான் தள்ளுகின்றன, அவற்றுக்குப் போட்டால் போதும், நாலுக்கும் யார் போடுகிறார்கள் என்றார். வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், என் வீட்டுக்காரர் இரண்டை உருட்டிப்போய் அவர் டிக்கியில் ஏற்றிவிட்டார்.

இப்போது என்ன அர்த்தம்? பாதி விற்றால் பாதி தூரம் போவதா? ஜெபக்கூட்டம் நடத்துகிற அங்கிளுக்கு போன் போட்டார். நான் அடுத்த அறை போனில் காதை வைத்திருந்தேன்.

"பிரதர், டூ வீல்ஸ் போயிருக்குன்னா ஒருத்தர் போகணும், ஒருத்தர் இருக்கணும்னு கூட எடுத்துக்கலாம். நான் ஷ்யூரா சொல்லல. இன்னும் ஒன் வீக் வெயிட் பண்ணிப் பாருங்களேன்."

திங்கட்கிழமையை யார் தள்ளிவைப்பது? ஆனால் அந்த முதல் வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் அங்கே, நான் இங்கே. அதுவரை எனக்கு வேலையைப் பற்றித்தான் பயம். இப்போது வேறு பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, போனும் அடிக்கவில்லை. ஆராதனை முடிந்து வீடு வந்த சற்று நேரத்தில் என் வீட்டுக்காரரைக் காணோம். பேஸ்மென்டில் உட்கார்ந்து, விற்காமல் நின்ற இரண்டையும் டூத்பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குள்ள என்னன்னு ஜெபம் பண்ணுனிய?" என்று கேட்டேன்.

தேய்ப்பது நின்றது. "விக்கணும்னு."

அவ்வளவு நாளில் அவர் தனக்கு வேண்டும் என்று வாயால் சொன்னது அதுதான் முதல்.

"நான் விக்கக் கூடாதுன்னு பண்ணுனேன்."

ஒரே கட்டிலோரம் முழங்காலில் நின்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஆண்டவர்தான் என்ன செய்வார்? ஆளுக்கு இரண்டாகப் பங்கு வைத்துவிட்டார். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். ஜெபக்கூட்டத்துச் சிரிப்பில்லை, தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோதும் போவதா இருப்பதா என்பது அப்படியேதான் இருந்தது.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். "அந்த ஆளு சொன்னது நெசமா? ரெண்டு போதுமா?"

"போதும். எங்க கடையில எல்லாரும் ரெண்டுதான் வாங்குவாவ."

"பின்ன நமக்கு மட்டும் ஏன் நாலு?"

பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னால மட்டும் போட்டா வண்டி கெளம்பிரும். ஆனா முன்னால கிரிப் இருக்காது, டர்ன்ல ஸ்கிட் ஆவும். நீ நைட் டியூட்டிக்குத் தனியா டிரைவ் பண்ணிப் போறவ. அதான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை குளிர்காலமும் இதை வாய் திறந்து சொன்னால் என்ன? பிறகு என்னை நினைத்துப் பார்த்தேன். பனி கொட்டுகிற ராத்திரிகளில் நான் பாட்டுக்கு எதையும் யோசிக்காமல் ஓட்டிப் போயிருக்கிறேன். மாடிக்குப் போய் டியூட்டிக்குத் துணி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை டியூட்டி முடிந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஹூஸ்டனுக்கு போன் போடுங்க. போவோம்" என்றேன்.

அவர் மிரண்டு போனார். "அடையாளம் பாதிதான வந்திருக்கு?"

"ஆண்டவரு ரெண்டு வித்துட்டாரு. மிச்ச ரெண்ட நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. மறுபடி விளம்பரம் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சாமான்களோடு அந்த இரண்டும் லாரியில் ஏறி டெக்சாஸுக்கே வந்துவிட்டன. ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி என்ற ஊரில், எங்கள் கராஜில் இருந்தன. நவம்பரில்கூட வியர்க்கிற ஊரில் என் எஞ்சினீயர் டூத்பிரஷோடு உட்கார்ந்து அவற்றைத் தேய்ப்பார். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று, இங்கே இது எதற்கு என்று கேட்பார். என் வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டுவார். நான் இன்னொரு பழைய டூத்பிரஷை எடுத்துக்கொண்டு மற்ற சக்கரத்துக்கு முன்னால் உட்காருவேன்.